சீர்த்தட்டில் வந்த வாளி

நான் தையல்காரி. மலை மேலே சோளக்காடு என்கிற ஊரில் பஸ் நிற்கிற இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் கடை. ஒரு பாதியில் என் வீட்டுக்காரர் எரிந்துபோன பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவார். மறுபாதியில் நான் ரவிக்கையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைப்பேன். வளப்பூர் நாட்டு ஊர்களிலிருந்துகூடத் துணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருவார்கள். ஜூன் மாதம் பிறந்துவிட்டால் உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்காது. இப்படி மலையில் பாதிப் பிள்ளைகள் என் தையலைப் போட்டுக்கொண்டு போகும்போது, என் மகள் மட்டும் எவனோ தைத்த சட்டையில் போனாள். அவள் படித்த பள்ளிக்கூடம் அடிவாரத்தில் இருந்தது. சீருடையைப் பள்ளிக்கூடத்திலேயேதான் வாங்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

முதல் வருடம் சண்டைக்கே போனேன். நான் தையல்காரி, அதே துணி, அதே கலர், உங்கள் சட்டையைவிட நன்றாகவே தைத்துப் போடுகிறேன் என்றேன். ஆபீசில் இருந்த பெண் சிரித்த முகத்தோடு பில்லை நீட்டினாள். வாங்கி வந்த சட்டையில் ஒரு தோள் மேலே, ஒரு தோள் கீழே. மொத்தத்தையும் பிரித்துப் போட்டுத் திரும்பத் தைத்தேன். அப்போது அந்த முகம் தெரியாத தையல்காரனை நான் திட்டிய திட்டில் என் வீட்டுக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் வருடா வருடம் வாங்குவதும் பிரிப்பதும் தைப்பதும்தான்.

சட்டையோடு போயிற்றா? ஷூவுக்குத் தனி. ஸ்மார்ட் கிளாஸ் என்று சுவரில் ஒரு டிவியை மாட்டி அதற்குத் தனி. டீசல் விலை ஏறினால் வேன் கட்டணம் ஏறும், டீசல் இறங்கினால் ஏறியது ஏறியதுதான். ஒரு ஆண்டு விழாவுக்கு மயில் உடையை வாடகைக்கு எடுக்கச் சொன்னார்கள். வந்த மயிலுக்கு வால் பிய்ந்து தொங்கியது. அதையும் நான்தான் உட்கார்ந்து தைத்தேன். வாடகையும் கொடுத்து ரிப்பேரும் செய்து கொடுத்த ஒரே முட்டாள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

பக்கத்திலேயே அரசுப் பள்ளிக்கூடம் இருக்கும்போது எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் உண்டு. அங்கேயும் நல்ல வாத்தியார்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் பிள்ளை வேன் ஏறிப் போகும்போது நம் பிள்ளை நடந்து போனால், நாளைக்கு அவளே நம்மைக் கேட்டுவிடுவாளோ என்கிற பயம். அந்தப் பயத்துக்குத்தான் நாங்கள் ஃபீஸ் கட்டினோம். சலுகை கேட்டுப் போனால், சொந்தக் கடை இருக்கிறதே என்பார்கள். கடனுக்குப் போனால், கடை வருமானம் போதாதே என்பார்கள். நாங்கள் ரெண்டுங்கெட்டான்.

புலம்புவதற்காக இதை எழுத உட்காரவில்லை. புலம்ப வேண்டுமானால் எனக்குப் பேனா வேண்டாம், வாயே போதும். என் பிறந்த வீட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள். கவுன்சலிங்கில் கோயம்புத்தூரில் ஒரு காலேஜில் உணவுத் தொழில்நுட்பம் கிடைத்தது. என்ன படிப்பு அது, சமையலா என்று நான் கேட்டதற்கு ஒரு பாட்டம் சிரித்துவிட்டுச் சொன்னாள். சீசனில் இங்கே பலாப்பழம் ரோட்டோரம் குவிந்து கிடக்கும். பாதி விற்கும், பாதி அழுகி ஈ மொய்க்கும். அது அழுகாமல் ஒரு வருடம் இருக்க என்ன செய்யலாம் என்று படிக்கிற படிப்பாம். சின்ன வயதிலிருந்து அந்த நாற்றத்தைத் தாண்டித்தான் வேனுக்குப் போயிருக்கிறாள், அவளுக்கு இந்த ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் முதல் வருடப் பணத்தைக் குறிப்பிட்ட தேதிக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் இடம் போய்விடும். பாங்கில் கேட்டோம். சேர்ந்துவிட்டு வாருங்கள், அப்புறம் கடன் தருகிறோம் என்றார்கள். சேர்வதற்குத்தானே சார் பணம் என்றால், அது விதி என்றார்கள். சீட்டுப் பணத்தைப் போன வருடமே எடுத்துத் தின்றாயிற்று. விழி பிதுங்கிப் போய் உட்கார்ந்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் போன் செய்தார்.

என் அண்ணன் அடிவாரத்தில் விவசாயம் பார்க்கிறார். சொந்தக் காடு, ஒரு கிணறு, மரவள்ளி. நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம். கிழங்குக்கு விலை வந்தால் அந்த வருடம் நிமிர்ந்து நடப்பார், விலை விழுந்தால் யார் கண்ணிலும் படமாட்டார். அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை படிக்கிறது. ஆனால் வருடக்கணக்காக ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அவர் என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். என் மகள் எட்டாவது படிக்கும்போது பெரியவளானாள். வீட்டளவில் தண்ணீர் ஊற்றிவிட்டு, தாய்மாமன் சீரை அப்புறம் நிறைவாகச் செய்துகொள்ளலாம் என்று தள்ளிப் போட்டோம். ஒவ்வொரு வருடமும் பள்ளிக்கூடம் முந்திக்கொண்டது. இந்த ஆனியையும் விட்டால் ஆடி பிறந்துவிடும், பிள்ளையும் ஹாஸ்டலுக்குப் போய்விடும், ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் நான் தட்டெடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். மருமகள் கழுத்துக்கு ஒரு சங்கிலி போடுவதற்காகக் கிழங்குப் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருப்பதாகவும் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. கூடப் பிறந்தவனிடம் சீரைக் கேட்டு வாங்கக் கூடாது. கொண்டு வருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. நான் ஒரே மூச்சில் இரண்டையும் செய்தேன். சங்கிலி வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்றேன். அதை மெதுவாகவாவது சொன்னேனா? அன்றைக்குக் காலையில்தான் பாங்கில் நின்றுவிட்டு வந்திருந்தேன்.

"நீங்க அவ கழுத்துல போட்டா, மறுநாளே நான் அடகுக் கடைக்குத்தானுங்க கொண்டு போவேன். எதுக்குங்ண்ணா ரெண்டு வேலை?"

அண்ணன் கேட்டார்: "பொறந்தவன் சீரு வேண்டாங்கற. அப்ப பொறந்த ஊடும் வேண்டாமா, அம்மிணி?" போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் கேட்டதில் என்ன தப்பு? இன்றைக்குக் கேட்டாலும் நான் சொன்னது சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அவர் பக்கமும் எனக்குத் தெரியாததல்ல. தாய்மாமன் வெறுங்கழுத்தோடு மருமகளை உட்கார வைத்தான் என்று பேச்சு வந்தால் அது அவர் சாகிற வரைக்கும் கூடவே வரும். அதற்குப் பதிலாகத் தங்கச்சி பணத்தை வாங்கி முடிந்துகொண்டாள் என்று பேச்சு வந்தால் அது எனக்கு. எப்படிப் பார்த்தாலும் பேச்சுதான்.

அதற்கப்புறம் அண்ணன் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை, எனக்கும் ரோஷம் உண்டு. அண்ணியும் கூப்பிடவில்லை. எனக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று சொல்லிவிட முடியாது, ஆகும் என்றும் சொல்ல முடியாது. நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார், அதுவும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு. கையிறுக்கமானவர் என்று கல்யாணமான புதிதிலேயே நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அண்ணன் போனை வைத்ததற்கும் அவர்தான் தூபம் போட்டிருப்பார் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் காயிலைச் சுற்றிக்கொண்டே, உனக்கு யாரையாவது திட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

நாட்கள் ஓடின. ஒரு சாயங்காலம் மகள் தையல் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கீழே அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்துகொள்கிறேன், பஸ்ஸிலேயே போய் வரலாம், ஹாஸ்டல் செலவும் மிச்சம் என்றாள். கொஞ்சமும் முகத்தைச் சுளிக்காமல் சொன்னாள். அவள் அழுது அடம்பிடித்திருந்தால் நான் ஒரு அதட்டுப் போட்டிருப்பேன். அடம்பிடிக்காத பிள்ளையை என்ன செய்வது? தலை குனிந்து மிஷினை ஓட்டினேன். ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. அவள் எழுந்து போன பிறகு என் வீட்டுக்காரரிடம், அந்த இடம் போனால் போகட்டும், விட்டுவிடலாம் என்றேன். அன்றைக்கு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனிக் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அண்ணன் போன் வந்தது. நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் வாரோம், மேளக்காரரிடம் சொல்லி வை என்றதோடு சரி. சங்கிலியோடுதான் வருகிறார், என் பேச்சை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பணம் கட்டக் கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சங்கிலி வந்த கையோடு அடகு வைத்துவிட்டு ஓடினால் கட்டிவிடலாம் என்றும் ஓர் எண்ணம் ஓடியது. அண்ணன் போட்ட நகையை அந்தச் சூடு ஆறுவதற்குள் கழற்றுவதா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினேன்.

காலையில் பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு மெத்தை. சுருட்டி, கயிறு கட்டி, அதன் மேல் ஒரு முழம் மல்லிகைப்பூ சுற்றியிருந்தது. அதைத் தலையில் வைத்திருந்தவர் அண்ணனின் பங்காளி ஒருவர். அடுத்ததாக அண்ணி இறங்கினார். அவர் கையில் இருந்த சீர்த்தட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியின் நான்கு பக்கமும் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. பின்னால் தலையணை, டேபிள் ஃபேன், இஸ்திரிப் பெட்டி, குடை, கால்குலேட்டர், பூட்டுப் போட்ட டிரங்குப் பெட்டி என்று ஒவ்வொன்றும் ஒரு தட்டில், வெற்றிலை பாக்கோடு இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டில் சுடிதார் துணி ஐந்தாறு, தைக்காமல். காலேஜில் சீருடை கிடையாதாம், நீயே தைத்துக் கொடு என்றார் அண்ணி. கடைசியில் இன்னொரு வாளி. ஹாஸ்டலில் ஒரு வாளிதான் கேட்டிருந்தார்கள். தட்டு எண்ணிக்கை இரட்டைப்படையில் வந்துவிட்டதால், சீருக்கு ஆகாதென்று அடிவாரத்தில் பஸ் ஏறும்போது ஓடிப் போய் வாங்கினார்களாம். இத்தனை சாமானுக்கும் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடவில்லை. சீருக்கு டிக்கெட் போட்டால் எனக்கு ஆகுமா என்று கேட்டாராம். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

மேளம் முன்னால் போக, மெத்தையும் வாளியும் தலைகளின் மேல் ஏறி மார்க்கெட் வழியாக வந்தன. மிளகு விற்கிறவர்களும் பழம் விற்கிறவர்களும் எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்கு வாழைப்பழம் கொடுக்கிற அக்கா ஒருவர், "ஏனுங்க, ஊடு மாத்திட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மேளத்துக்குப் பின்னால் நடந்தேன்.

வீட்டில் மகளை மணையில் உட்கார வைத்தோம். தட்டுகளை அவள் முன்னால் வரிசையாக வைத்தார்கள். நடுத்தட்டை அண்ணன் தன் கையால் கொண்டுவந்து வைத்தார். தேங்காய், பழம், மஞ்சள், பூ, அதன் மேல் ஒரு காகிதம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. காலேஜ் ரசீது. முதல் வருடத்துக்கு முழுப்பணமும் கட்டியாகிவிட்டது.

நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அண்ணன் கோபமாகப் போனை வைத்த மறுநாளே, அண்ணி இவளைப் போனில் கூப்பிட்டு, காலேஜில் என்னென்ன கொண்டுவரச் சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். அப்போது பணம் எங்கிருந்து வரும் என்று இவளுக்கும் தெரியாது. நாலு நாள் முன்னால் அண்ணன் கூப்பிட்டு, பணம் கட்டுவதற்கான விவரமெல்லாம் வாங்கிக்கொண்டாராம். அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது, தெரிந்தால் தட்டே வேண்டாம் என்பாள் என்று இரண்டு பேருமே சொல்லியிருக்கிறார்கள். நாலு நாளாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்திருக்கிறாள், அமுக்குணி. அந்த மணையிலேயே அவளை இரண்டு சாத்தலாம் போல இருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். கழுத்துக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டுவிட்டார். அண்ணன் எதற்குப் பயந்தாரோ அந்தக் கேள்வி எல்லார் முன்னாலும் வந்துவிட்டது. அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கமாக் கட்டட்டுங்களான்னு காலேஜுல கேட்டனுங்க. வாங்க மாட்டேன்னு போட்டாங்க" என்றார்.

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள், கேள்வி கேட்டவரும்கூட. மகள் எழுந்து மாமன் காலிலும் அத்தை காலிலும் விழுந்தாள். அண்ணன் அவள் தலையில் கை வைத்து, நல்லாப் படிக்கோணும் சாமி என்று சொல்லிவிட்டு, மறுபடியும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வருடங்களை எப்படியோ சமாளித்து வருகிறோம். பாங்கும் விதிப்படி கடன் கொடுத்தது. மகள் இப்போது மூன்றாம் வருடம். நான் தைத்த சுடிதாரைப் பார்த்து அவளுடைய தோழிகள் கேட்டார்கள் என்று, இங்கிருந்து தைத்துப் பார்சல் அனுப்புகிற வேலைகூட வந்திருக்கிறது. ஃபீஸ் வருடா வருடம் ஏறத்தான் செய்கிறது. எனக்குக் கோபமும் வரத்தான் செய்கிறது. ஆனால் இந்தக் கோபத்தோடு நான் தனியாக இல்லை என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

சீர் நடந்த அன்று சாயங்காலம் மற்றவர்களெல்லாம் போன பிறகு, அண்ணன் என் வீட்டுக்காரரோடு மெத்தையைப் பரண் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். நானும் அண்ணியும் சமையலறையில் உட்கார்ந்து, காலியான சீர்த்தட்டுகளைத் துடைத்து அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தோம். நான் ஏதேதோ பேசினேன். உங்களைப் பற்றி நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன், அண்ணன் மனது மாறியது எப்படி, ஊரார் என்ன சொன்னார்கள் என்று மூச்சு விடாமல் கேட்டேன். அண்ணனுக்கு நீங்கள்தானே எடுத்துச் சொன்னீர்கள் என்றும் கேட்டேன். அண்ணி கையிலிருந்த தட்டைத் துடைத்து முடித்தார்.

"என்ற பொறந்த ஊட்டுல எனக்குச் சீரெல்லாம் நல்லாத்தான் செஞ்சாங்க, அம்மிணி. சங்கிலி, தோடு, பட்டு, ஒண்ணும் கொறையில்ல" என்றார். தட்டை மேலே வைத்தார். "பள்ளிக்கூடத்துக்குத்தான் யாரும் அனுப்பல."

அவர் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாத செய்தியல்ல. இத்தனை வருடத்தில் அதை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. தட்டுக்கட்டை நானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அவர்களோடு கடைசி பஸ்ஸுக்கு நடந்தேன். பஸ்ஸில் கூட்டமாக இருந்தது. அண்ணி தயங்கி நின்றார். நான் முட்டி மோதி முதலில் ஏறி, ஜன்னல் ஓரமாக ஓர் இடம் பிடித்து, அவர் வந்து உட்காருகிற வரைக்கும் அதை யாருக்கும் விடவில்லை.